அசெம்பிள்டு கம்ப்யூட்டரோடு பல ஆண்டுகள்: ரேம் விலையை ஏன் கவனிக்க வேண்டும்

சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில்தான் 2011 முதல் வேலை செய்கிறேன். கேபினெட் மட்டும் பழையது; மற்றவை எல்லாம் ஒருமுறையாவது மாறிவிட்டன. "பொறுத்திரு, விலை குறையும்" என்று நண்பர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு பாகத்தின் விலையும் தனக்கென ஒரு காரணத்தோடு ஏறி இறங்குகிறது.

2011இன் இறுதியிலேயே தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆலைகள் மூழ்கின. ஹார்ட் டிஸ்க் விலை சில வாரங்களில் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2021இல் கிராபிக்ஸ் கார்டுகளை, அவற்றைக் கணக்கிட ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டுபவர்கள் அள்ளிச் சென்றார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் இப்படி ஈட்டும் முறையையே கைவிட்டதும், பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன.

ஆனால் ரேம், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம், அளவுக்கு ஆட்டம் காட்டும் பாகம் வேறில்லை. உலகின் பெரும்பகுதி ரேம் சில்லுகளை சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள் செய்கின்றன. புதிய ஆலை எழும்பப் பல ஆண்டுகள் ஆகும். விலை ஏறும்போது மூவரும் ஒரே நேரத்தில் முதலீட்டைக் கொட்டுகிறார்கள். சரக்கு வெளிவரும் வேளையில் தேவை தணிந்திருக்கும். 2017இல் எட்டாத உயரத்தில் இருந்த விலை 2019இல் சரிந்தது இப்படித்தான். 2023இல் கையிருப்பு தேங்கி, உற்பத்தியாளர்கள் நஷ்டத்துக்கு விற்றார்கள். அப்போது தேவைக்கு மேலாகவே 32 ஜிபி வாங்கிப் பொருத்தினேன். இத்தனை ஆண்டுகளில் மிகவும் பலன் தந்த செலவு அதுதான்.

2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தின் பக்கம் ஆலைகள் திரும்பின. சில மாதங்களில் ரேம் விலை இரு மடங்கையும் தாண்டியது. மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரணப் பயனாளர்களுக்கு விற்கும் சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. கையில் காசுள்ள பெரிய வாடிக்கையாளர்களுக்காகச் சாதாரணப் பயனாளர்கள் ஒதுக்கப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நம் ஊரில் ரூபாய் மதிப்பும் சேர்ந்துகொள்கிறது. 2014இல் சுமார் 60 ரூபாயாக இருந்த டாலர், 2025 டிசம்பரில் 90ஐக் கடந்தது. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வெளிநாட்டில் விலை இறங்கினாலும் இங்கே அது முழுதாக வந்து சேர்வதில்லை.

இப்போது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டை மாற்ற வேண்டிய கட்டம். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமுக்குப் போனால் ரேமும் புதிதாக வாங்க வேண்டும் என்பதால், என்னிடமுள்ள முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேமை ஏற்கும் போர்டையே தேடிக்கொண்டிருக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் வழங்கும் பெட்டி), கீபோர்டு போன்றவற்றின் விலை இந்த அளவுக்கு ஆடுவதில்லை. அவற்றைத் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.