ராலி போலோ 1.6: பல சீசன் ஓட்டிய பிறகு, கேஜ் பற்றியும் சீட் தேதி பற்றியும்

போன வாரம் தேதி முடிந்துபோனதால் வண்டியில் இரண்டு சீட்டையும் கழற்றிப் புதுசு போட்டேன். அதே நேரம் ஈரோட்டுத் தம்பி ஒருவர், ராலிக்குத் தயார் செய்த பழைய போலோ ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். போனில் பேசினால் சீட் கோபம் மட்டும்தான் வரும், அது வண்டிக்கு நியாயமில்லை. அதனால் எழுதுகிறேன். 105 குதிரைத்திறன், வென்டோவிலும் இருந்த அதே எஞ்சின் என்பதெல்லாம் கேட்கிறவர்களுக்கே தெரியும்.

முதலில் நல்லது. இந்த வண்டியில் நான் உருகிப் போகிற ஒன்று எஞ்சின் இல்லை, ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் காக்கிற பைப் கூண்டு. கோவை கணபதியில் ஒரு பட்டறையில் செய்தது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் கேஜுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் பைப், இழுவலிமை குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ, மெயின் ஹூப் (முன் சீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவு) என்றால் 45 மி.மீ விட்டத்தில் 2.5 மி.மீ கனம், இல்லையென்றால் 50-க்கு 2. வளைவின் ஆரம் பைப் விட்டத்தில் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், சூடு காட்டி வளைக்கக் கூடாது, வளைத்த இடம் முட்டை மாதிரி நசுங்கினால் சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் 0.9-க்குக் கீழே போகக் கூடாது. இதில் எங்கேயாவது யார் செய்ய வேண்டும், எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்று இருக்கிறதா? இல்லை. வெர்னியர் என்ற அளவுக்கருவியும் வெல்டிங்கும் தெரிந்த ஆள் போதும்.

பட்டறை அண்ணன் அதற்கு முன்னால் ராலி வண்டியே தொட்டதில்லை, பம்ப் வேலையும் ஜிக் வேலையும்தான். விதியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். முதல் ஹூப்பை வளைத்துவிட்டு வெர்னியரை இந்தப் பக்கம் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வைத்துப் பார்த்தவர், நான் கணக்குப் போடுவதற்குள் அதைத் தூக்கி ஸ்கிராப்பில் போட்டுவிட்டார். "நசுங்கிடுச்சுங்க, வேற வளைக்கலாம்." அடிப்பாதத்துக்கு 120 சதுர செ.மீ-யில் 3 மி.மீ பிளேட், காலுக்கு மூன்று போல்ட், எல்லாம் விதிப்படி. அப்புறம் கேத்தனூர் காற்றாலைக் காட்டுப் பக்கம் வண்டி ஒருமுறை கவிழ்ந்து உருண்டு எழுந்தது. கூரைத் தகடு நெளிந்தது, கண்ணாடி போனது, கேஜ் அப்படியே நின்றது, நாலு கதவும் திறந்தன. அந்த வேலைக்கு ஆன கூலியை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது சீட். எஃப்ஐஏவின் 8855-1999 என்ற தர முத்திரையுள்ள சீட் என்றால் தயாரித்த நாளிலிருந்து 5 வருடம். அதற்கு மேல் 2 வருடம் நீட்டலாம், ஆனால் தயாரித்த கம்பெனிதான் பார்த்து நீட்ட வேண்டும். கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வாங்குகிற செலவுக்குப் புது சீட்டே வாங்கிவிடலாம். தயாரித்த நாளிலிருந்து என்பதைக் கவனியுங்கள், நாம் உட்கார்ந்த நாளிலிருந்து இல்லை. கப்பலில் கிடந்த மாதம், டீலர் குடோனில் கிடந்த மாதம் எல்லாம் நம் கணக்கில்தான் கழியும். 8862-2009 என்று 10 வருட சீட்டும் இருக்கிறது, அதன் விலை நம் மாதிரி ஆட்களுக்கு இல்லை. இரண்டு சாதா சீட்டே கஸ்டம்ஸ் வரியோடு வந்து இறங்கும்போது லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஃபைபர் ஓடு காலப்போக்கில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், முதுகெலும்போடு விளையாடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடத்துக்கு நாலைந்து ராலி மட்டும் பார்த்து, மீதி நாளெல்லாம் உறை போட்டுக் கிடந்த சீட்டும், வாராவாரம் அடி வாங்குகிற சீட்டும் ஒரே தேதியில் சாகிறது என்றால் வயிறு எரிகிறது. நம் ஊரிலேயே பரிசோதித்து நீட்டிக்க ஒரு வழி வைத்தால் பாதுகாப்பு எங்கே குறைந்துவிடும்?

ஒரே வண்டிக்குள் இரண்டு வகை விதி. ஒன்று அளவைச் சொல்கிறது, பட்டறை பிழைக்கிறது. இன்னொன்று முத்திரையைக் கேட்கிறது, காசு கப்பலேறுகிறது. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக இது முற்றுகிறது. 2013-ல் ஆர்5 என்ற ராலி வண்டி வகுப்பு வந்தபோது செலவைக் குறைக்கிறோம் என்று வண்டி விலைக்கு 1,80,000 யூரோ உச்சவரம்பு வைத்தார்கள், அன்றைய மதிப்பில் ஒன்றேகால் கோடிக்கும் மேல். வாங்குகிற விலையைக் கட்டினார்கள், சரி. ஆனால் பாகம் ஒவ்வொன்றும் ஹோமோலகேஷன் தாளில் (எஃப்ஐஏ ஒப்புதல் தந்த பட்டியலில்) உள்ளபடி அந்தத் தயாரிப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும். கல்லில் அடித்துச் சக்கரத்தைத் தாங்குகிற அப்ரைட் ஒன்று உடைந்தால், ஆவாரம்பாளையத்தில் அதைவிட நன்றாகவே கடைந்து கொடுக்க ஆள் இருந்தும் போடக் கூடாது. அதற்கு முந்தைய 'குரூப் N' வகுப்பின் காலத்தில் ஷோரூம் வண்டியை வாங்கி ராலி வண்டியாக்கிப் பிழைத்த டியூனர்கள், ஆர்5 வந்த பிறகு வண்டி துடைத்துப் பராமரிக்கிறவர்களாகச் சுருங்கிப்போனார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

தனி டியூனர்களை விட்டால் ஏமாற்றுவார்கள் என்பவர்களுக்கு ஸ்பெயினில் நடந்த 1995 கேட்டலோனியா ராலியை ஞாபகப்படுத்துகிறேன். டர்போவுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்தும் 34 மி.மீ ரெஸ்டிரிக்டரைச் சுற்றிக் காற்று போக ரகசிய வழி வைத்து, ஒரு வருடத் தடை வாங்கியது டொயோட்டாவின் ஃபேக்டரி டீம். பட்டறைக்காரர் இல்லை.

சிக்கனமாகத் தெரிகிற விதியிலும் செலவு ஒளிந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் எஞ்சினுக்குள் கம்பெனி பாகம்தான், ராவி எடைகுறைக்கக் கூடாது. கேட்க சிக்கனம். நடப்பது என்ன? காசு உள்ளவர் டஜன் கணக்கில் கனெக்டிங் ராடு வாங்கி, நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, ஒரே எடையில் நாலைப் பொறுக்கிக்கொள்கிறார். என் டியூனர் எனக்கு வந்த நாலை வைத்தே சமாளிக்கிறார். கொஞ்சம் ராவிச் சமன்செய்ய அனுமதித்தால் ஒரு பொழுது வேலை, முடிந்தது.

2027 உலக ராலி விதியில் 3,45,000 யூரோ வரம்போடு, கார் கம்பெனி அல்லாத டியூனர்களும் பைப்பால் ஆன சட்டகத்தில் சொந்தமாக வண்டி கட்டலாம் என்று வருகிறது. அந்தத் தொகையில் நமக்கு வேலையில்லை. ஆனால் அந்தக் கதவைத் திறந்தது சரியான காரியம், அது கீழ் வகுப்புகளுக்கும் இறங்கி வர வேண்டும்.

வண்டி தங்கம். என்னிடம் இருப்பதை விற்கச் சொன்னால் சண்டைக்கு வருவேன். இருந்தாலும் தம்பி, இப்போதைக்கு வாங்காதீர்கள். சல்லிசாக வருகிறது என்றால் சீட், பெல்ட் தேதி எல்லாம் முடிகிற நேரமாகத்தான் இருக்கும், அந்தச் செலவைக் கூட்டினால் சல்லிசு இல்லை. மீறி வாங்குவதாக இருந்தால் எஞ்சின் சத்தத்தில் மயங்காமல், லேபிளில் உள்ள தேதிகளை போட்டோ எடுத்துக்கொண்டு, கேஜின் வளைவில் வெர்னியரைக் குறுக்காகவும் வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கேஜ் சரியில்லை என்றால் சொல்லுங்கள், கணபதி அண்ணன் நம்பர் தருகிறேன்.