கணினியில் இரண்டு பாட்டில், தட்டில் ஒன்றுமில்லை: ஐந்தாறு வருட வாடிக்கையாளர் சொல்வது

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள், "நீதான் ரொம்ப வருஷமா அந்தக் கடையில வாங்குறியே, நம்பிப் போகலாமா?" உடனே ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடை சுத்தமாக இருக்கும், பில் சீக்கிரம் போட்டுவிடுவார்கள், பிடிக்காத பொருளைக் கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், இதெல்லாம் அவளுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது அங்கே இருக்கும் ஒரே ஒரு அலமாரித் தட்டைப் பற்றி.

என் மகளுக்குத் தோல் ஒவ்வாமை. வாசனை போட்ட சலவைத் திரவத்தில் துவைத்த துணியை உடுத்தினால் முழங்கை மடிப்பு சிவந்து தடித்துவிடும், ராத்திரி முழுக்கச் சொறிவாள். அதனால் எங்கள் வீட்டில் வாசனையில்லாத திரவம் மட்டும்தான். நாங்கள் வாங்குகிற நிறுவனத்தின் திரவத்தில் ஐந்து வகை வருகிறது, நாலில் வாசனை, ஒன்றில் இல்லை. அந்த ஒன்றுதான் தட்டில் இருக்காது.

2020-ல் இல்லை என்றபோது நான் கோபப்படவில்லை. கொரோனா பயத்தில் எல்லோரும் அள்ளிக்கொண்டு போனார்கள், பல ஆலைகளில் ஆள் இல்லை, வேகமாக விற்கிற நாலைந்து வகையை மட்டும் தயாரித்து அனுப்புவோம் என்று நிறுவனங்கள் மற்றதை நிறுத்தி வைத்தன. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டது, 2022-ல் உக்ரைன் போர் வந்து சூரியகாந்தி எண்ணெய்க்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு. காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, பொறுத்துக்கொண்டோம். இப்போது சரக்கு வருகிறது, லாரி வருகிறது, பிறகு ஏன் இல்லை?

கடையின் ஆப்பில் பார்த்தால் "2 இருக்கிறது" என்று காட்டும். போய்ப் பார்த்தால் லாவண்டர் பாட்டில்களை அந்த இடம் வரைக்கும் ஒற்றை வரிசையாகப் பரப்பி நிறுத்தியிருப்பார்கள், காலியிடம் தெரியக்கூடாதாம். கீழே விளிம்பில் மட்டும் என் திரவத்தின் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். அடுக்குகிற தம்பியிடம் கேட்டால், "கணினி ரெண்டு காட்டுதுக்கா, அது குறைஞ்சாத்தான் தானா ஆர்டர் போகும்" என்பார். இல்லாத இரண்டு பாட்டில் எப்படிக் குறையும்?

அந்த இரண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்பது ஒரு நாள் பில் வரிசையில் நிற்கும்போதுதான் புரிந்தது. எனக்கு முன்னால் நின்றவர் மூன்று வகையில் மூன்று பாட்டில் வைத்தார், பில் போடுகிறவர் ஒன்றை மட்டும் ஸ்கேன் பண்ணி எண்ணிக்கை 3 என்று அடித்தார். விலை ஒன்றுதான், வாங்குகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கணக்கில் ஒரு வகையில் மூன்று குறைந்துவிட்டது, மற்ற இரண்டும் விற்காமலே இருப்பதாக நின்றுவிட்டது. அப்புறம் தேடிப் படித்தேன். 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்திருக்கிறார்கள், 65 சதவீதம் பதிவுகள் உண்மையான இருப்போடு ஒத்துப்போகவில்லை. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இதைச் சொன்னதும் அந்தத் தம்பி குடோன் வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டுக் கணக்கைப் பூஜ்யம் ஆக்கினார். எட்டாம் நாள் ஆறு பாட்டில் வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை, அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். வகை குறைவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 24 வகை ஜாம் வைத்த மேசையைவிட 6 வகை வைத்த மேசையில்தான் நிறையப் பேர் வாங்கினார்கள் என்று 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. பிஸ்கட்டில் பத்து வகையை எடுத்தபோது எனக்கே தெரியவில்லை.

ஆனால் நாலாவது வாசனையை எடுப்பதும் வாசனையில்லாத ஒரே ஒன்றை எடுப்பதும் ஒன்றா? இரண்டு மாதம் கழித்து அதைத்தான் எடுத்தார்கள். கேட்டதற்கு, வருஷக் கணக்கில் அது சரியாக ஓடவில்லையாம். அந்த வருஷத்தில் பாதி நாள் அது தட்டிலேயே இல்லை! கணினி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த நாட்களெல்லாம் விற்காத நாட்களாகக் கணக்கில் ஏறிவிட்டன. யாருக்கும் வேண்டாத பொருள் என்று என் மகளுக்கு வேண்டிய பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்கு நேரில் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களை எந்தக் கணினி எண்ணியது?

தோழிக்கு "வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன். ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் போகலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அன்று காலையில்தான் அந்த விலைச்சீட்டையும் உரித்துவிட்டு, லாவண்டருக்கு இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்.