தாண்டிக்குடி காபி: மாமியார் சம்மதிக்க நாலு நாள் ஆனது

வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி ஏறும் ரோட்டோரத்தில், தகரக் கொட்டகை போட்டு ஒரு பெரியவர் தன் தோட்டத்துக் காபியைத் தானே வறுத்து விற்கிறார். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. போன தை மாதம் அரைக் கிலோ கொட்டை வாங்கினேன், 450 ரூபாய். மதுரையில் வழக்கமாக வாங்குவதைவிட அதிகம்தான். ஆனால் அதில் சிக்கரி உண்டு, இதில் இல்லை.

முதல் நாளே சறுக்கினேன். சிக்கரி கலந்த தூளுக்குப் போடும் அளவையே போட்டதால் தண்ணீர் மடமடவென்று இறங்கி, டிகாக்‌ஷன் டீத்தண்ணி நிறத்தில் நின்றது. “என்னடி, புளிக்குது?” என்று மாமியார் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் ஒன்றரை மடங்கு தூள் போட்டு, அழுத்தி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நாலாவது நாள் இரண்டாவது டம்ளர் கேட்டார். அவர் வாயால் பாராட்டு என்றால் அவ்வளவுதான்.

காபி வாங்கிய அன்று பெரியவர் தோட்டத்தையும் சுற்றிக் காட்டினார். ஆரஞ்சு, பலா, மலைவாழை, முள்முருங்கையில் ஏறிய மிளகுக்கொடி, இவற்றுக்கு அடியில் காபி. இடம் போதாமல் எல்லாவற்றையும் கலந்து நட்டிருக்கிறார் என்று நினைத்தேன். “இல்லம்மா, தண்டுல வெயில் பட்டா வண்டு வந்து உக்காந்துரும்” என்றார். தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் பட்டை வெடிப்பில்தான் முட்டையிடுமாம். புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். அதனால் நிழலைக் காப்பாற்றுகிறார், உரியும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுக்கிறார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் ஒவ்வொரு தண்டையும் தடவிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் கை நின்றது. என் விரலைப் பிடித்து வைத்தார்: பட்டைக்கு அடியில் வரிவரியாகப் புடைப்பு. அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுவாராம்.

சிவந்த பழத்தை மட்டுமே பறிப்பதால் ஒரே செடிக்கு நாலைந்து தடவை போகிறார்கள். தண்ணீரில் கொட்டி, மிதப்பதை ஒதுக்கிவிடுகிறார்கள். தோல் உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறவிட்டால் மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பு எப்போது போனது என்று எப்படித் தெரியும்? கடிகாரம் பார்ப்பதில்லை. உள்ளே கையை விட்டு அழுத்தினால் கூழாங்கல்லைப்போல நறநறக்க வேண்டும். அப்புறம்தான் கழுவிக் களத்தில் காயப்போடுகிறார்கள்.

சரி, குறையும் சொல்லியாக வேண்டும். விறகடுப்பில் கொட்டை போட்ட உருளையைக் கையால் சுற்றி வறுப்பதால் நிறம் ஒரே சீராக இல்லை. கருகியதைப் பொறுக்கி எடுத்தேன். பாக்கெட்டில் வறுத்த தேதி இல்லை. இரண்டாவது முறை போனில் கேட்டுத் தூளாக வரவழைத்தது என் தப்பு. கூரியரில் ஒன்பது நாள் கிடந்து வாசனையெல்லாம் போய்விட்டது. கொட்டையாகவே வாங்கி வீட்டில் அரையுங்கள்.

கார்த்திகையிலிருந்து தைக்குள் போனால் பறிப்பையும் பார்க்கலாம். கொட்டகை இருக்கும் இடத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்காது, ரொக்கமாக எடுத்துப் போங்கள். மலைவாழையும் ஒரு சீப்பு கேளுங்கள்.