வினிசியஸ் வீடியோக்களுக்குக் கீழே சில வருடங்கள்

ஸ்பானிய கால்பந்து லீக் ஆட்டங்கள் நம் ஊரில் நடுராத்திரியைத் தொட்டுவிடும் என்பதால், காலையில் ஃபோனில் வரும் துண்டு வீடியோக்களைப் பார்த்தே காலம் தள்ளுகிறவன் நான். 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில், ரியல் மாட்ரிட் அணியின் கறுப்பின பிரேசில் வீரர் வினிசியஸ் ஆடிய ஆட்டத்திலிருந்து, வீடியோவைவிட அதற்குக் கீழே நடக்கும் சண்டையைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

அன்று தன்னைக் குரங்கு என்று திட்டிய ரசிகர்களை வினிசியஸ் கைநீட்டிக் காட்டினார், ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது, கடைசியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதும் அவர்தான். ஒரு சேனலின் துண்டு அவர் கைநீட்டும் இடத்தில் தொடங்கும். இன்னொன்று அவர் வலென்சியா வீரர் ஹூகோ டூரோவின் முகத்தில் கையால் அடிக்கும் நொடியில் தொடங்கும், அதற்கு முன் டூரோ அவர் கழுத்தைப் பிடித்தது அதில் இருக்காது. முதலாவதின் கீழே எல்லோரும் அவர் பக்கம், இரண்டாவதின் கீழே அவர் ரவுடி. இதில் கூத்து என்னவென்றால், விஏஆர் எனும் வீடியோ மறுபரிசீலனைத் திரையில் நடுவருக்கே அந்தக் கழுத்துப்பிடி காட்டப்படவில்லை, சிவப்பு அட்டையைப் பிறகு ரத்து செய்ததும் அந்தக் காரணத்தால்தான்.

அப்புறம் அந்த 'மோனோ', 'தோன்தோ' தகராறு. ஸ்பானிய மொழியில் மோனோ என்றால் குரங்கு, தோன்தோ என்றால் முட்டாள். கூட்டம் கத்தியது எது என்று ஒலியை மெதுவாக்கி ஓட்டி ஆராய்ச்சி செய்தார்கள். நானும் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டுமே கத்தப்பட்டிருக்கலாம் என்று எழுதினால் இரு தரப்பும் சேர்ந்து அடிக்கிறது. ஸ்பெயினில் மோனோவுக்கு 'அழகு' என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் வந்தார் பாருங்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க!

யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்த பிறகு, மேலே நிற்கும் கமெண்ட்தான் ஊர்த் தீர்ப்பு மாதிரி தெரிகிறது. பெரும்பாலும் அது 'கோல் போட்டு டான்ஸ் ஆடி வம்பிழுக்கிறானே' என்ற ரகம். டான்ஸ் ஆடினால் குரங்கு என்று சொல்லலாமா என்று கேட்டால் பதில் வராது, வேறொரு துண்டு வீடியோ வரும். 2024 ஜூனில், மெஸ்தாயாவில் அவரைத் திட்டிய மூன்று ரசிகர்களுக்கு 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட செய்தியின் கீழேயும் அதே டான்ஸ் பேச்சுதான்.

பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது துண்டு வந்தால், கமெண்டைத் திறக்கும் முன் அதே சம்பவத்தின் நீள வீடியோ இருக்கிறதா என்று தேடுகிறேன். பாதி நாள் கிடைப்பதில்லை.