சோறு வேணாம், கறி மட்டும் தாங்க: மட்டக்களப்பு அம்பாறைச் சாப்பாட்டுக் கடையள் லோ கார்ப் ஆக்களுக்கு எப்பிடி?

லோ கார்ப்ல இரிக்கிற ஆள் மட்டக்களப்புல வெளிய சாப்பிடவே ஏலாது எண்டு கனபேர் சொல்லிக் கேட்டிரிக்கன். நான் அத ஒத்துக்கொள்ளவே மாட்டன். மீனும் இறாலும் நண்டும் கணவாயும் அண்டண்டைக்குப் பிடிச்சு வாற ஊர்ல, ஒவ்வொரு சோத்துக்கடையிலயும் ஏதாவதொரு கீரைச் சுண்டல் இரிக்கிற ஊர்ல, மாச்சத்துக் குறைச்சு வயிறு நிறையச் சாப்பிட ஏலாதெண்டா வேற எங்க ஏலும்? சாமான் எல்லாம் சட்டிக்குள்ள ஏற்கனவே இரிக்கு. எந்தக் கடையில கேக்கிற, எப்பிடிக் கேக்கிற எண்டதுதான் விசயம்.

எனக்கு சீனி வருத்தம். வேலை அப்பிடி, வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் ரோட்டுலதான் கிழமையில பாதி போகும், அதால பகல் சாப்பாடு எப்பவும் கடையிலதான், சில நாள் ராச்சாப்பாடும் கடையில. பொதுவா ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ மாச்சத்து எடுத்தா லோ கார்ப் எண்டு சொல்லுவாங்க, கீட்டோ எண்டா அது 50க்கும் கீழ. அவிச்ச வெள்ளச் சோறு 100 கிராம்ல கிட்டத்தட்ட 28 கிராம் மாச்சத்து இரிக்கு. நம்மட கடையள்ல குவிக்கிற குவியலப் பாத்தா 350 கிராம் லேசா வரும், அப்ப ஒரே பிளேட்டுல 100 கிராம் கிட்ட முடிஞ்சிது, நாள் முழுக்க உள்ள கணக்கு பகலோட சரி. கடைப் பேர் ஒண்டும் இதுல போடல்ல, ஏனெண்டா சமையக்காரன் மாறினா கடையும் மாறிப்போகுது, போன மாசம் நல்லா இருந்த இடம் இந்த மாசம் வேற மாதிரி. எந்த வகைக் கடை எப்பிடி எண்டு சொல்றன், அதுதான் உதவும்.

ஒரு விசயம் முதல்லயே சொல்லோணும். இன்சுலின் அடிக்கிற ஆக்கள், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரி குளிசை போடுற ஆக்கள் திடீரெண்டு சோத்த நிப்பாட்டினா சுகர் ஒரேயடியா இறங்கி மயக்கம் வரும், சும்மா விளையாட்டில்ல. கிளினிக்ல டாக்குத்தரோட கதைச்சு மருந்தளவு சரி பண்ணிட்டுத்தான் தொடங்கோணும்.

சரி கடைக்கு வருவம். என்ட கணக்குல முதலாமிடம் சாதாரண சோத்துக்கடைக்குத்தான், அதுவும் பொம்புளையள் சமைக்கிற சின்னக் கடையளுக்கு. டவுன் பஸ் ஸ்டாண்ட் பக்கம், கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி மெயின் ரோட்டு எண்டு எல்லா இடமும் இப்பிடிக் கடை இரிக்கு. பகல் பதினொண்டரைக்குப் பிறகு போனா கறிச்சட்டியெல்லாம் வரிசையா மூடி வச்சிரிப்பாங்க, மூடியத் திறந்து பாத்து இது வேணும் அது வேணாம் எண்டு சொல்லலாம், இதுதான் பெரிய வசதி, மெனு கார்ட்ல பேரப் பாத்து உள்ளுக்க என்ன போட்டிரிப்பாங்க எண்டு மண்டையப் போட்டு உடைக்கத் தேவையில்ல. இந்தக் கடையள்ல குழம்பு தடிக்கிறதுக்கு மா கரைச்சு விடுற பழக்கமும் பெரும்பாலும் இல்ல, தேங்காப்பாலும் பழப்புளியும் தூளும்தான், அதுல மாச்சத்து கொஞ்சம்.

கல்லடியில நான் போற ஒரு கடையில முதல் தரம் சோறு வேணாம், மீன் ரெண்டு துண்டு போட்டு சுண்டல் கூட வைங்க அக்கா எண்டு கேட்டன். சமைக்கிற அக்கா அகப்பையக் கையில வச்சிக்கிட்டு அப்பிடியே நிண்டுட்டாங்க. "சோறில்லாம என்ன தம்பி சாப்பாடு, வயிறு காஞ்சு போகும், ரெண்டு அகப்பையாவது போடுறன்" எண்டாங்க. சீனி வருத்தம் அக்கா எண்டு சொன்னன், அவ்வளவுதான், "அத முதல்ல சொல்லியிருக்கலாமே" எண்டு உள்ளுக்க போய் வீட்டுக்கெண்டு ஆக்கி வச்சிருந்த பாவக்காக் கறிய ஒரு கோப்பையில கொண்டு வந்து வச்சாங்க. அவங்கட அம்மாவுக்கும் சீனியாம். நம்மட ஆக்கள்ட்ட டயட் எண்டு சொல்லிப் பிரயோசனமில்ல, மெலியிறதுக்கு ஆசப்பட்டுக் கிடக்கான் எண்டு நினைச்சு இன்னும் ரெண்டு அகப்பை கூடப் போடுவாங்க, சீனி எண்டு சொன்னா எல்லாருக்கும் விளங்கும், எல்லா வீட்டுலயும் ஒரு ஆள் இரிக்கு.

அந்தப் பிளேட் எப்பிடி இருந்த எண்டு சொல்லியே ஆகோணும். பாரை மீன் துண்டு ரெண்டு, உள்ளங்கை அகலம், குழம்புக்கு மேல எண்ணெய் பிரிஞ்சு வெந்தயமும் கறிவேப்பிலையும் மிதக்குது. பக்கத்துல முருங்கையிலைச் சுண்டல், தேங்காப்பூ தாராளமாப் போட்டு, இலை கருகாம பச்சை மாறாம இறக்கினது. கத்தரிக்காப் பால்கறி ஒரு கரண்டி, வெங்காயமும் பச்ச மிளகாயும் தேசிக்காப்புளியும் விட்ட சம்பல். மீன முள்ளு பாத்து உதுத்து சுண்டலோட போட்டுக் குழம்ப விட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டா சோறு இல்லை எண்ட நினைப்பே வராது, உண்மையாத்தான் சொல்றன், சுண்டல்தான் சோத்துட இடத்தப் பிடிக்குது. பின்னேரம் நாலு மணி தாண்டியும் பசிக்கல்ல.

இங்கயும் கவனமா இரிக்க வேண்டிய கறியள் இரிக்கு. கிழங்குக் கறி, பலாக்கொட்டை, மரவள்ளி, பீட்ரூட் எல்லாம் மாச்சத்து. பருப்பு ஒரு கரண்டி பரவாயில்ல, அதுல புரதமும் நாருமிரிக்கு, ஆனா கோப்பை கணக்குல ஊத்தக்கூடாது. சீனிச்சம்பல் வேணவே வேணாம். பில்லு விசயத்துல ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி, சில இடத்துல சோறு எடுக்காட்டியும் முழுச் சாப்பாட்டுக் காசும் மேலதிக மீனுக்குக் காசும் எடுக்காங்க, அது நியாயம்தான் எண்டு நான் குடுத்திருவன், சோத்த விட மீன்தானே விலை.

மறுகா ஏசி போட்ட ரெஸ்டூரண்ட்டுகள். இதுலதான் ஆக்கள் கூட ஏமாறுறாங்க. சோறு எடுக்காம டெவில் மட்டும் எடுத்தா லோ கார்ப் எண்டு நினைக்காங்க. டெவில் எண்டா தக்காளி சோஸ், சீனி, சில இடத்துல கோன்பிளவர் கரைச்சு விட்டு மினுங்க வைக்கிறது. தக்காளி சோஸ் ஒரு மேசைக்கரண்டியிலயே கிட்டத்தட்ட 4 கிராம் சீனி, ஒரு டெவிலுக்கு எத்தின கரண்டி போகும் எண்டு நீங்களே பாருங்க. ஹொட் பட்டர் கணவாய் கேக்கவே தேவையில்ல, மாவுல பிரட்டிப் பொரிச்சதுதான். சூப்பும் அப்பிடித்தான், தடிப்பா இருந்தா கோன்பிளவர்தான். டவுன்ல ஒரு இடத்துல வெயிட்டர் தம்பிட்ட தெளிவாக் கேட்டன், இதுல சீனி போடுறீங்களா எண்டு, இல்ல சேர் எண்டு சொன்னான், வாயில வச்ச உடனேயே இனிப்பு, ரெண்டு மணித்தியாலம் கழிச்சு மீட்டர்ல பாத்தா 200 தாண்டி நிக்குது. அந்தத் தம்பி பொய் சொன்னான் எண்டு நான் நினைக்கல்ல, அவனுக்குக் குசினியில என்ன நடக்குது எண்டே தெரியாது. ஆனா காசு வாங்குற கடைக்கு அது தெரிஞ்சிரிக்கோணும், வருத்தக்காரன் கேக்கிற கேள்விக்கு உள்ளுக்க போய் விசாரிச்சிட்டு வந்து பதில் சொல்லப் பழக்கோணும், இதுல எனக்குக் கோவம்தான்.

இப்பிடி இடத்துல நான் எடுக்கிறது மீன் கிரில், இல்லாட்டி இறால் உள்ளி போட்டு பட்டர்ல வதக்கினது, சோஸ் ஒண்டும் ஊத்தாம. சலட் வந்தா மேல ஊத்துற டிரெஸ்ஸிங்க தனியாக் கேளுங்க. பொரிச்ச மீன் கேட்டா மா பிரட்டாம மஞ்சளும் உப்பும் மிளகாத்தூளும் மட்டும் போட்டுப் பொரிச்சுத் தாங்க எண்டு சொல்லோணும். கடை சனமா இரிக்கிற நேரம் இப்பிடிக் கேட்டா காதுல விழாது, ஏழு மணிக்கு முதல் போறது நல்லம்.

ராச்சாப்பாட்டுக்கு காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி கொத்துக் கடையளத்தான் நான் பெரிசாச் சொல்லுவன். கொத்துக் கடையா எண்டு ஆச்சரியப்படாதீங்க. ஒரு கொத்துக்கு மூண்டு நாலு ரொட்டி போகும், எல்லாம் வெள்ளக் கோதுமை மா, அத நாம தொடவே ஏலாது, உண்மை. ஆனா ரொட்டியத் தவிர மத்தது எல்லாம் நமக்குச் சரியான சாமான். காத்தான்குடியில ஒரு நானாட்ட ரொட்டி போடாம கோவாவும் முட்டையும் கோழியும் மட்டும் கொத்தித் தாங்க எண்டு கேட்டன். "ரொட்டி இல்லாட்டி என்னத்தத் தம்பி கொத்துற?" எண்டு சிரிச்சார், ஆனா செஞ்சார். தகட்டுல எண்ணெய் விட்டு வெங்காயம், பச்ச மிளகாய், லீக்ஸ், கறிவேப்பிலை போட்டு வதக்கி, சீவின கோவா ரெண்டு கை நிறைய அள்ளிப் போட்டு, முட்டை மூண்ட உடைச்சு ஊத்திக் கலக்கி, பிச்ச கோழியப் போட்டு, மேல கறிக்குழம்பு ஒரு கரண்டி விட்டு, ரெண்டு கையிலயும் கொத்துற தகட்ட எடுத்துப் படபடவெண்டு கொத்தி, சூடு பறக்கப் பிளேட்டுல தட்டினார். கோவா பாதி வெந்து பாதி நறுக்கெண்டு இருந்திச்சு, மிளகு வாசம் தூக்குது. ருசி அப்பிடியே கொத்துதான். இப்ப நான் போய் நிண்டாலே கேக்காம கோவாவ அள்ளுறார். கோவாவுல 100 கிராமுக்கு 6 கிராம் மாதிரித்தான் மாச்சத்து, அதுலயும் கொஞ்சம் நாரு.

அந்தக் கடையள்லயே சுட்ட கோழியும் இரிக்கும், அதுவும் நல்லம், கூட வாற குப்பூஸ் ரொட்டியையும் சோசையும் தள்ளி வச்சிருங்க. புரியாணிக்கு வழி ஒண்டும் இல்ல, அதப் பத்திக் கதைக்காம விடுறன்.

கல்முனை தாண்டி சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் இதே மாதிரித்தான், மீன் கறி சரியான நல்லம், சோத்துட அளவும் சரியான பெரிசு. அம்பாறைப் பக்கம் வயலும் வரம்பும்தான் ஊரே, 1949ல தொடங்கின கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு நெல்லு இன்னும் கூடிப்போச்சு, அங்க ஒரு ஆளுக்குச் சோறு குறைச்சுப் போடுறது எண்டா மரியாதைக் குறைவு மாதிரி நினைக்காங்க. அம்பாறை டவுன்ல சிங்களக் கடையள்ல கறி வரிசையா வச்சு நாமளே எடுக்கிற மாதிரி இரிக்கும், பத் எபா, மாளு விதறாய் (சோறு வேணாம், மீன் மட்டும்) எண்டு சிங்களத்துல சொன்னாப் போதும், ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க. கீரை மல்லுமும் குளத்து மீனும் எடுத்தா மிச்சம் நல்லம்.

பாசிக்குடா ஹோட்டல் பபே லேசு, முட்டை, கிரில், சலட் எல்லாம் வரிசையா இரிக்கும், காசுதான் கூட. அறுகம்பேயில வெள்ளக்காரர் வாற கடையள்ல பாண் வேணாம் எண்டா உடனே விளங்கும், சீசன்ல மட்டும் எல்லாம் திறந்திரிக்கும்.

குடிக்கிறத மறந்திராதீங்க. பிளேன்டீ சொல்லும்போதே சீனி போடாம எண்டு சத்தமாச் சொல்லோணும், பிறகு சொன்னா கலந்து முடிஞ்சிரும். டின்பால் விட்ட டீ சீனிதான், அத விடுங்க. ஒரு சின்னச் சோடா டின்ல 35 கிராம் கிட்ட சீனி. இனிப்பு ஆசை வந்தா எருமத்தயிர், சட்டியில கெட்டியா உறைஞ்சது, பாணி ஊத்தாம. மட்டக்களப்புத் தயிருக்குப் பாணியே தேவையில்ல எண்டது என்ட அபிப்பிராயம், ஏடு மட்டும் எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்க.

எனக்கு இன்னும் சரி வராத இடம் சைவக் கடைதான். தோசை, இட்டலி, பூரி, இடியப்பம், புட்டு, எதத் தொட்டாலும் மா. வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத ஆக்களுக்கு முட்டையும் இல்ல, மீனும் இல்ல. கீரையும் வெண்டிக்காயும் புடலங்காயும் கத்தரிக்காயும் தயிரும் எண்டு கேட்டு வாங்கலாம், ஆனா புரதம் காணாது, ரெண்டு மணித்தியாலத்துல பசி எடுக்குது, கடைக்காரரும் கறி மட்டும் தர விரும்புறாங்க இல்ல, சோத்தோட அளந்து வச்சதால கறி காணாமப் போகும் எண்டு சொல்றாங்க. சோயா மீட் கறி போடுற ஒரு கடை டவுன்ல கிடைச்சிது, அது பரவாயில்ல, ஆனா எல்லா நாளும் போடுறதில்ல. மாமாங்கத் திருவிழா நேரம் எங்கட வீட்டுல எல்லாரும் சைவம், ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியிற வரைக்கும் நான் வெளிய என்ன சாப்பிடுற எண்டு இன்னும் வழி தெரியல்ல. கல்முனையிலயோ டவுன்லயோ சோறில்லாமக் கறி மட்டும் மனசோட தாற சைவக் கடை ஆருக்காவது தெரிஞ்சா ஆடி பிறக்க முதல் சொல்லுங்க.