கப்பலுக்கு முன் அரை நாள்: துவிச்சக்கரவண்டியா, முச்சக்கரவண்டியா?

காங்கேசன்துறையில் நாகபட்டினத்துக்குக் கப்பலேறுமுன் யாழ்ப்பாண நகரைக் காரின்றிச் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கு, காலைப் பொழுதில் துவிச்சக்கரவண்டியே மேலானது என்பேன். நிலம் சமதரை; மிதிப்பதில் களைப்பில்லை. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்த கோட்டையின் மதிலில் பவளக்கற்களின் துளைகளை விரலால் தடவிப் பார்க்கவும், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த பொது நூலகத்தின் முன் விரும்பிய அளவு நிற்கவும் எவரையும் காக்கவைக்க வேண்டியதில்லை.

இடர்ப்பாடு நல்லூரில்தான் தொடங்கும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே கோயிலுக்குள் செல்ல வேண்டும். கழற்றிய சட்டையையும் கடவுச்சீட்டு வைத்த பையையும் சைக்கிள் கூடையில் விட்டுச்செல்ல யாருக்கு மனம் வரும்?

முச்சக்கரவண்டிக்குச் செலவு கூடும், கூலியையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆயினும் பயணப்பொதிகளுடன் உச்சி வெயிலில் துறைமுகம் வரை மிதிப்பது (இளைஞருக்கும்) வீண் வருத்தம். தவிரவும், துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கீரிமலைப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னால், கடலுக்கு ஒரு சுவர் தள்ளியிருக்கும் நன்னீர்க் கேணியில் முழுகிவிட்டே கப்பலுக்குப் போகலாம்.