எறும்புக்கு மஞ்சளா, வெங்காரமா?

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வாங்கி வைத்த அன்றே போசியை, அதாவது பாத்திரத்தை, சுற்றிச் சிற்றெறும்பு வரிசை கட்டிவிடும். ஈரோட்டுப் பக்கம் முதலில் கை போவது மஞ்சள்தூளுக்குத்தான். சுவரோரம் கோடு இழுத்தால் வரிசை கலைகிறது. முன்னால் போன எறும்பு விட்ட வாசனைத் தடம் அங்கே அறுந்துபோகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் சட்டம் வழியாக வேறு தடம் போட்டுவிடுகின்றன. புற்று அப்படியே இருக்கிறதே!

வெங்காரம் (போராக்ஸ்) வேலை செய்வது புற்றுக்குள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் 8 டீஸ்பூன் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை), அரை டீஸ்பூன் வெங்காரம். கரைத்து, பஞ்சில் நனைத்து, எறும்பு வரும் வழியில் வைக்க வேண்டும். முதல் நாள் கூட்டம் இன்னும் பெருகும், பயந்து துடைத்துவிடாதீர்கள். குடித்த எறும்பு உள்ளே போய் மற்றவற்றுக்கும் வாயோடு வாய் ஊட்டுகிறது, அப்படியே ராணிக்கும் போய்ச் சேர்கிறது. வெங்காரம் கூடிப்போனால் வழியிலேயே செத்துவிடும், புற்றுக்கு எதுவும் போகாது. ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

என் ஓட்டு வெங்காரத்துக்கே. ஆனால் தவழும் குழந்தையோ நாய், பூனையோ இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். அங்கே மஞ்சள் கோடு போடுங்கள், சர்க்கரைப் போசியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள்.